பானைக்கடியில் கொடைக்கானல்

மதுரையில் ஸ்வெட்டர் விற்கிறவர்களைப் போல நம்பிக்கையுள்ள மனிதர்களை நான் பார்த்ததில்லை. டிசம்பர் பிறந்ததும் ரோட்டோரம் கயிறு கட்டி, சிவப்பும் நீலமுமாகத் தொங்கவிட்டுவிட்டு, கீழே உட்கார்ந்து அட்டையால் விசிறிக்கொண்டிருப்பார்கள். வாங்குகிறவர்கள் இரண்டு வகை. ஒன்று, கொடைக்கானலுக்கு பஸ் ஏறப்போகிறவர்கள். இன்னொன்று, மார்கழியில் கோலம் போட வாசலுக்கு வரும் பாட்டிமார்கள்.

என்னை மூன்றாவது வகையில் சேர்க்கலாம். நான் ஸ்வெட்டர் வாங்கவில்லை. அதைவிட மோசம். மதுரையில், புதூர் மொட்டை மாடியில், குளிர்காலப் பூ வளர்க்கப் புறப்பட்டேன்.

பூவைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் வீட்டு நிலவரத்தைச் சொல்லியாக வேண்டும். நான் பி.காம். சென்னையில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் பத்து வருஷம் வவுச்சர்களுக்கு டிக் அடித்தவன். 2022 மார்ச் முடியும் நேரம். ஊரே வருஷக் கணக்கு முடிக்கிற பரபரப்பில் இருந்தபோது, நான் என் கணக்கை முடித்துக்கொண்டு, 'எழுதிப் பிழைக்கப் போகிறேன்' என்று மதுரைக்கு வந்துவிட்டேன்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நிஜமாகவே ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு நிறுத்தியவர்தான். மில் டைம் ஆபீஸில் முப்பத்தாறு வருஷம் மற்றவர்களுடைய லேட்டை எழுதியவர். மகன் வாழ்க்கையிலேயே லேட் ஆனதை எந்தக் காலத்தில் எழுதுவது என்று தெரியாமல் பேச்சை நிறுத்திவிட்டார் போல.

"அவனைச் சாப்பிடச் சொல்லு."

"அவனுக்கு கூரியர் வந்திருக்குன்னு சொல்லு."

எல்லாம் அம்மா வழியாகத்தான். அம்மாதான் எங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். சில சமயம் எக்ஸ்சேஞ்சுக்கே கோபம் வந்து, "எதிர்க்கத்தானே உக்காந்திருக்கான், நீங்களே சொல்லுங்களேன்" என்று லைனைத் துண்டித்துவிடும்.

இந்த நிலவரத்தில்தான் 2023 மே மாதம் நண்பர்களோடு கொடைக்கானல் போனேன். பிரையண்ட் பூங்கா. 1908-ல் பிரையண்ட் என்ற வனத்துறை அதிகாரி போட்ட தோட்டம். மே மாத மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் பூவைவிட செல்ஃபி எடுக்கிற தலைகள்தான் அதிகம் தெரிந்தன. அந்தத் தலைகளுக்கு நடுவில், பாத்தி நிறைய டெய்ஸி. ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை. வெயில் விழுந்ததும் அத்தனையும் ஒரே பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கல்யாண போட்டோவுக்கு நிற்கிற சொந்தக்காரர்கள் மாதிரி சிரித்தன.

வெளியே வந்து ஒரு கடையில் விதை பாக்கெட் வாங்கினேன். அறுபது ரூபாய். உள்ளே ஐம்பது விதை. ஒரு செடிக்கு ஒரு ரூபாய் இருபது பைசா! பி.காம். மூளை உடனே பெருக்கிப் பார்த்துச் சந்தோஷப்பட்டது. பாக்கெட்டின் பின்பக்கம் 'குளிர் பருவத்துக்கு ஏற்றது' என்று போட்டிருந்ததை, இன்ஷூரன்ஸ் பாலிசியின் பொடி எழுத்து மாதிரி, நான் படிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பிரித்தால் முதல் அதிர்ச்சி. விதையில் இரண்டு தினுசு இருந்தது. பாதி தட்டையாக, ஓரத்தில் இறக்கை வைத்தது போல. மீதி சின்னச் சின்னக் குச்சியாக, சொரசொரவென்று. அப்பா திண்ணையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"கலப்பட விதையை வாங்கியாந்திருக்கான்னு சொல்லு."

அம்மா சொன்னாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. தட்டை விதை நல்லது, குச்சி விதை குப்பை என்று நானே தீர்ப்பு எழுதி, நல்லதில் இருபதைப் பொறுக்கி, கத்திரி வெயில் கொளுத்துகிற மே மாதத்தில் மொட்டை மாடித் தொட்டியில் தூவினேன். தினம் இரண்டு வேளை தண்ணீர். பத்து நாள், இருபது நாள், ஒரு மாதம். முளைத்தது ஒன்றே ஒன்று. அதுவும் குப்பைக்கீரை.

*

தோற்ற பிறகுதான் படிப்பு வரும். எனக்கு சி.ஏ. இன்டரிலும் அப்படித்தான்.

படித்ததில் தெரிந்த முதல் விஷயம்: டெய்ஸி என்பது ஒரு பூவே இல்லை. கூட்டுக் குடும்பம். நடுவட்டத்தில் இருக்கிற ஒவ்வொரு பொட்டும் தனித்தனிப் பூ. சுற்றி இருக்கிற ஒவ்வொரு 'இதழும்' தனிப் பூ. எல்லாம் சேர்ந்து ஒரே பூ மாதிரி வேஷம் போட்டு வண்டை அழைக்கின்றன. சூரியகாந்தி, செவ்வந்தி, கேந்தி, காய்ந்த வயலெல்லாம் பரவி நம் உயிரை வாங்கும் பார்த்தீனியம், அடிபட்டால் கசக்கி வைப்போமே அந்த வெட்டுக்காயப் பூண்டு எல்லாமே இந்த வம்சம்தான். உலகம் பூராவும் இருபத்தைந்தாயிரம் வகைக்கு மேல் என்கிறார்கள். நான் அறுபது ரூபாய் கொடுத்து மலையிலிருந்து வாங்கி வந்த பூவின் பங்காளி, எங்கள் தெரு சாக்கடையோரம் ஓசியில் பூத்துக்கொண்டிருந்தது!

இரண்டாவது விஷயம்: கலப்படம் இல்லை. நான் வாங்கியது ஆப்பிரிக்க டெய்ஸி. தாவரவியல் பெயர் டைமார்போதீக்கா. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பூத்து வாடிவிடும். ஆனால் பெயருக்கு அர்த்தமே அதுதான். இரண்டு வடிவக் காய். நடுவட்டப் பூவிலிருந்து தட்டை விதை, ஓரத்துப் பூவிலிருந்து குச்சி விதை. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

ஏன் இரண்டு? அதன் சொந்த ஊர் தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கரைப் பக்கம். அங்கே குளிர்காலத்தில்தான் மழை. அதுவும் வந்தால் வரும். எல்லா விதையும் ஒரே வேகத்தில் முளைத்து, மழை ஏமாற்றிவிட்டால் வம்சமே காலி. அதனால் விதைக்குள்ளேயே பிரித்து வைத்திருக்கிறது. பாதி கரண்ட் அக்கவுண்ட், பாதி ஃபிக்ஸட் டெபாசிட். பத்து வருஷம் ஆடிட்டர் ஆபீஸில் இருந்த எனக்கு இது தோன்றவில்லை. கையில் இருந்த டெபாசிட்டை எல்லாம் உடைத்துக்கொண்டு ரயில் ஏறியவன் நான்.

மூன்றாவது விஷயம் குளிர். மலை ஏறினால் ஆயிரம் மீட்டருக்குச் சுமார் ஆறரை டிகிரி குறையும். கொடைக்கானல் நம்மைவிட இரண்டாயிரம் மீட்டர் உயரம். ஆகவே பதின்மூன்று டிகிரி வித்தியாசம். இந்த விதை முளைக்க இருபது டிகிரியை ஒட்டி இருந்தால் சந்தோஷம். மே மாத மொட்டை மாடியில் அப்பளமே பொரியும். மதுரையில் இருபது டிகிரி எப்போது வரும்? கார்த்திகைக்கு மேல், மார்கழி தையில், அதுவும் விடியற்காலை. வந்த வேகத்தில் டீ குடித்துவிட்டுப் போய்விடும்.

*

ஐப்பசி வந்தது. மழை ஆரம்பித்தது. குழித்தட்டு, தென்னை நார்க் கழிவு என்று சம்பிரமமாக வாங்கி, இன்னொரு பதினைந்து விதை போட்டேன். தட்டை கொஞ்சம், குச்சி கொஞ்சம். ஒன்பதாம் நாள் ஏழு முளை! சந்தோஷம் தாங்கவில்லை. காலை, மதியம், மாலை பூவாளியும் கையுமாக நின்றேன். மேலே மழை, கீழே நான். ஆறாம் நாள் பார்த்தால் ஏழும் கழுத்து ஒடிந்து படுத்துக் கிடந்தன. தண்டு மண்ணைத் தொடுகிற இடத்தில் கறுத்து, நூலாகிப்போயிருந்தது. நாற்றழுகல். ஈரம் அதிகமானால் பூஞ்சை வந்து அடியில் அறுத்துவிடும்.

நான் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். நாற்று போன வருத்தம் மட்டும் இல்லை. அன்று காலைதான் சென்னை நண்பன் போன் செய்திருந்தான். அவன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் மேனேஜர் இடம் காலியாகப் போகிறது, பிப்ரவரியில் சேரலாம், நல்ல சம்பளம். அந்த மாதம் எழுத்தில் எனக்கு வந்திருந்தது நாலாயிரத்து இருநூறு. எதற்கும் லாயக்கில்லாதவன் என்று அந்த ஏழு நாற்றும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது.

பின்னால் மாடிப்படியில் செருப்புச் சத்தம். அப்பா. தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"தண்ணி ஊத்தியே கொன்னுட்டியேடா."

ஒரு வருஷம் ஏழு மாசத்துக்குப் பிறகு என்னிடம் நேரடியாக வந்த முதல் வாக்கியம். வசவுதான். ஆனால் முகவரி எனக்கு இருந்தது. நான் அவசரமாக எழுந்து, "ஆமாப்பா" என்றேன்.

"மிச்சம் எத்தனை இருக்கு?"

"பதினஞ்சு. எல்லாம் அந்தக் குச்சி விதை."

"இங்கிட்டு குடு."

வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். மழை கொஞ்சம் ஓயட்டும் என்று அம்மாவிடம் சொன்னாராம்.

கார்த்திகை முதல் வாரம். காலையில் சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கப் போனால், பானைக்கடியில் என்னவோ இருக்கிறது. எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் இருந்தாலும் அப்பா மண்பானைத் தண்ணீர்தான் குடிப்பார். மூலையில் ஆற்று மணல் பரப்பி, அதன் மேல் பானை. பானை கசிந்து கசிந்து அந்த மணல் எப்போதும் ஈரமாக, ஜில்லென்று இருக்கும். அந்த மணலில் புதைத்த மாதிரி குழித்தட்டு. ஓரத்தில் பத்திரிகைக் காகிதம் மூடியிருந்தது.

தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும் என்று எட்டாம் வகுப்பில் நானும்தான் படித்தேன். பரீட்சையில் மார்க்கும் வாங்கினேன். அதைப் பானைக்கடியில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அப்பாவுக்குத் தோன்றியிருக்கிறது. கொடைக்கானலை அவர் சமையலறை மூலையிலேயே கண்டுபிடித்துவிட்டார்.

"விதை பருமனுக்கு ரெண்டு மடங்கு ஆழம் போதும். தண்ணியை மேல ஊத்தாத. தட்டுல ஊத்தி வை, அடியில இருந்து தானா குடிச்சுக்கும். முளை தெரிஞ்ச அன்னைக்கே வெளிச்சத்துக்குக் கொண்டுபோயிரணும். இல்லேன்னா நெட்டையா வளந்து விழுந்துரும்."

இவ்வளவும் அம்மா வழியாக இல்லை. எக்ஸ்சேஞ்ச் அடுப்படியில் நின்று வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தது.

"உங்களுக்கு எப்படிப்பா இதெல்லாம் தெரியும்?" என்று கேட்டேன். முப்பத்தஞ்சு வயசில் கேட்கிற கேள்வியா இது!

வாடிப்பட்டிக்கும் நிலக்கோட்டைக்கும் நடுவில் எங்கள் பூர்வீகக் கிராமம். தாத்தாவுக்கு அரை ஏக்கர் செவ்வந்தி. அது தெரியும். பத்தொன்பது வயது வரை அந்தப் பாத்தியில் வேலை செய்தது அப்பாதான் என்பது தெரியாது. செவ்வந்தியை விதை போட்டு வளர்க்க மாட்டார்களாம். பழைய செடியின் தூரிலிருந்து கிளம்பும் பக்கக் கன்றைப் பிரித்து நடுவார்கள். நட்டு ஒரு மாதத்தில் நுனியைக் கிள்ளினால்தான் பக்கவாட்டில் கிளை வெடிக்கும். பகல் குறைய ஆரம்பித்ததும் மொட்டு வைக்கும்.

இது நிஜம். மதுரையில் நீளமான பகலுக்கும் குட்டையான பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். நமக்குத் தெரியவே தெரியாது. செவ்வந்திக்குத் தெரியும். செடிகள் இப்படிப் பகலிரவை அளக்கின்றன என்று அமெரிக்காவில் கார்னர், அல்லார்டு என்ற இருவர் 1920-ல்தான் எழுதினார்கள். இப்போது கர்நாடகப் பக்கம் ராத்திரியில் தோட்டத்தில் பல்பு எரியவிட்டு, செவ்வந்தியை ஏமாற்றி, வேண்டிய நேரத்தில் பூக்க வைக்கிறார்கள். ஒத்தக்கடை யானைமலை அடிவாரத்து வேளாண்மைக் கல்லூரியில் போய் நின்றால் நம் ஊர்ப் பெயரிலேயே ரகம் இருக்கிறது. எம்.டி.யூ. 1. மஞ்சள் செவ்வந்தி.

"அப்புறம் ஏம்ப்பா விட்டீங்க?"

அப்பா குழித்தட்டைத் திருப்பி வைத்தார்.

"ஒரு வருஷம் பொங்கலுக்கு விலையே போகலை. பறிச்ச கூலிக்கே கட்டலை. தாத்தா மூட்டையோட வாய்க்கால்ல கொட்டிட்டு வந்தாரு. மறுமாசமே நான் மில்லுல சேந்துட்டேன். ஏழாந்தேதி ஆனா சம்பளம் வரும்ல..." கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "நான் மாசச் சம்பளத்துக்காகப் பூவை விட்டேன். நீ மாசச் சம்பளத்தை விட்டுட்டு வந்து பூ வைக்கிறே."

ஒரு வருஷம் எட்டு மாசமாக அம்மா வழியாகக்கூட வராத செய்தி அது. நான் ஏதாவது பதில் சொல்லியிருக்க வேண்டும். வார்த்தையை விற்றுப் பிழைக்கிறவனுக்கு அன்றைக்கு ஸ்டாக் இல்லை.

*

பதினைந்தில் ஒன்பது முளைத்தது. குப்பை என்று நான் ஒதுக்கின குச்சி விதையேதான். மாடிக்கு மாற்றியதில் வெயில் தாங்காமல் இரண்டு போனது. ஒன்றை அணில் ருசி பார்த்தது. இரண்டை எதிர் வீட்டு அக்கா ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிப் போனார். மிச்சம் நாலு. செம்மண், மணல், மக்கின சாணி எரு மூன்றும் சம பங்காய்க் கலந்து, நாலு தொட்டியில் நட்டோம். மார்கழியில் அசுவினி வந்தது. வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து அடித்தோம். நுனி கிள்ளுகிற விஷயத்தில் இரண்டு நாள் சண்டை. நாலு இலை வந்ததும் கிள்ளலாம் என்றேன் நான், ஆறு வரட்டும் என்றார் அப்பா. ஆறு வந்த பிறகுதான் கிள்ளினோம்.

தை மாதக் கடைசியில் முதல் மொட்டு. மறுநாள் பூத்துவிடும் என்று அம்மா எதிர் வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு காலை ஏழு மணிக்கே மேலே வந்துவிட்டாள். மொட்டு மூடியே இருந்தது. வானமும் மூட்டம். இந்த ஜாதி டெய்ஸிக்கு வெயில் பட்டால்தான் கண் திறக்கும். மேகம் வந்தால் மூடிக்கொள்ளும். ஆங்கிலத்தில் டெய்ஸி என்ற பெயரே 'பகலின் கண்' என்ற பழைய சொல்லிலிருந்து வந்ததுதான். இதையெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே, "நம்ம பய மாதிரியே பத்து மணிக்குத்தான் எந்திரிக்குமாக்கும்" என்று அக்கா இறங்கிப் போய்விட்டார்.

பத்தரைக்கு வெயில் வந்தது. விரிந்தது. நல்ல ஆரஞ்சு. நடுவில் மை தடவின வட்டம். அம்மா குனிந்து மோந்து பார்த்தாள்.

"மணமே இல்லையேடா!"

மல்லிகைக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் இது. 2013-ல் வாங்கினோம். மணமில்லாத பூ என்றால் மதுரைப் பெண்களுக்குப் பூவே இல்லை. "தலையில வைக்கவும் முடியாது" என்று அடுத்த தீர்ப்பு. 'அம்மா, நீ தினமும் தேய்க்கிற தைலத்தில் இருக்கிற கரிசலாங்கண்ணி இதற்கு ஒன்றுவிட்ட சகோதரி' என்று சொல்ல நினைத்து விட்டுவிட்டேன். எல்லாவற்றையும் படித்துவிட்டேன் என்று காட்டிக்கொள்ள வேண்டாம்.

பழக்க தோஷம், கணக்கும் போட்டேன். விதை 60, தட்டு 40, நார்க் கழிவு 80, வேப்பெண்ணெய் 110, நாலு தொட்டி 360. ஆக மொத்தம் 650. பூத்தது இருபத்தாறு. பூ ஒன்றுக்கு இருபத்தைந்து ரூபாய்! அந்தக் காசுக்கு மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் ஒரு பை நிறையச் செவ்வந்தி வாங்கியிருக்கலாம். எந்த ஆடிட்டரும் இந்தக் கணக்கில் கையெழுத்துப் போட மாட்டார்.

அந்த வாரமே சென்னை நண்பன் மறுபடி போன் செய்தான். ஒன்றாம் தேதி சேர வேண்டும், முடிவு சொல் என்றான். மாடியில் நின்றுதான் பேசினேன். அப்பா பக்கத்தில் தொட்டிக்கு டம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். காது கேட்காத மாதிரி.

போனை வைத்ததும், "சென்னைக்குப் போறியாமே?" என்றார்.

"யோசிக்கிறேம்ப்பா."

அடுத்த தொட்டிக்குப் போனார்.

"விதை எடுக்கணும்ல. பூ காய்ஞ்சு விதை முத்த மாசி கடைசி ஆயிரும். நான் ஒருத்தனா எதைன்னு பாக்குறது?"

அவ்வளவுதான் சொன்னார். நாலு செடிக்கு விதை எடுக்க இரண்டு ஆள் வேண்டும் என்று எந்த வேளாண்மைப் புத்தகத்திலும் இல்லை.

நான் சென்னைக்குப் போகவில்லை. அதற்காக எழுத்திலேயே குளித்து மூழ்கிவிட்டேன் என்றும் இல்லை. இப்போது ஆறு கடைகளுக்கு ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடுகிறேன். மாதம் இருபதாம் தேதி வரை தட்டை விதை, அதற்குப் பிறகு குச்சி விதை. ஏதாவது ஒன்று முளைத்துவிடுகிறது.

பங்குனி வெயிலில் நாலு செடியும் கருகிப்போயின. போனால் போகட்டும், அதன் ஆயுசே ஒரு பருவம்தான். விதையை அப்பா ஒரு பழைய கவருக்குள் இரண்டு பொட்டலமாகக் கட்டி வைத்திருக்கிறார். மேலே டைம் ஆபீஸ் கையெழுத்தில், 'தட்டை 40, குச்சி 31. கார்த்திகை முதல் வாரம். தண்ணீர் குறைவாக' என்று எழுதியிருக்கிறது. கடைசி இரண்டு வார்த்தைக்குக் கீழே கோடு. அது எனக்கு.

நீங்களும் போட்டுப் பார்க்கலாம். பெரிய செலவில்லை. வீட்டில் மண்பானை இருந்தால் போதும்.

அம்மாவுக்கு மட்டும்தான் குறை. "முன்னெல்லாம் உக்காந்த இடத்துல இருந்தே ரெண்டு பேருக்கும் சேதி சொல்லுவேன். இப்ப ரெண்டும் மாடியில போய் உக்காந்து வாதாடிக்கிட்டு இருக்குதுக. சாப்பிடக் கூப்பிட நான் பதினெட்டுப் படி ஏறி வர வேண்டியிருக்கு."